ஐந்து துளைக் குழலும் என் மலையாளமும்

1

போன மாதம் மகளின் இருப்பிடச் சான்றிதழுக்காக வில்லேஜ் ஆபீசுக்குப் போயிருந்தோம். மட்டாஞ்சேரியில், நாங்கள் குடியிருக்கும் கொச்சங்காடியிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "நாடு எவிடெயா?" என்று கேட்டார். உங்கள் ஊர் எது என்று அர்த்தம். நான் "விருதுநகர்" என்றேன். அதே நேரத்தில் பக்கத்தில் நின்ற என் மகள் கயல்விழி "மட்டாஞ்சேரி" என்றாள். அவர் அப்போதுதான் நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணு தீருமானிக்கு," என்றார். ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று.

அம்மாவுக்கு என்ன வேலை என்று அடுத்த கேள்வி. இயந்திரங்களுக்குள் ஓடும் காற்றின் அழுத்தத்தை அளக்கிற வேலை என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். "அப்போ நாளெ மழ உண்டோ?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கயலும் சிரித்தாள்.

சான்றிதழ் கைக்கு வந்தபோது அதில் பெயர் 'காயல்விழி' என்று இருந்தது. காயல் என்றால் இங்கே உப்பங்கழி. ஆங்கிலத்தில் எழுதிய கயலை இவர்கள் எல்லாரும் காயல் என்றுதான் படிக்கிறார்கள். திருத்தித் தரச் சொன்னேன். அதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், பள்ளிச் சான்றும் வேண்டும் என்றார்கள். கயல் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"விடும்மா. ஸ்கூல்லயும் அப்படித்தான் இருக்கு. காயல்னா நல்லாத்தானே இருக்கு."

பள்ளியில் எந்த வருடத்திலிருந்து அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் மலையாளத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவளுடைய மதிப்பெண் அட்டையில் எண்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன்.

நாங்கள் இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. என் கணவர் முருகேசனுக்கு வல்லார்பாடம் துறைமுகத்தில் குளிர்பதனக் கண்டெய்னர்களைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. பின்னாலேயே நானும் வந்தேன். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன உறவுக்காரர்கள் இதை வெளிநாட்டு வாழ்க்கை என்று சொன்னால் சிரிப்பார்கள். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறி இறங்கினால் வந்துவிடுகிற ஊர். கடல் தாண்ட வேண்டாம், விமானம் இல்லை, பாஸ்போர்ட் கேட்பாரும் இல்லை. பாதி வார்த்தைகள் நம் வார்த்தைகள். அந்தப் பாதி வார்த்தைகளால்தான் இந்த மழைக்காலத்தில் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. ஊரில் இருப்பவர்கள் அடிக்கடி "அங்க என்னதான் வேலை பார்க்குற?" என்று கேட்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

2

தேவராவில், கப்பல் பட்டறைகள் இருக்கும் பக்கமாக, ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கப்பல் இன்ஜின்களின் 'டர்போ'வைப் பழுதுபார்த்துச் சோதித்துத் தருவோம். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து நெருக்கி இன்ஜினுக்குள் தள்ளும். அந்த ஜோடிக்குப் பெயர் டர்போ. கண்ணால் பார்க்க முடியாத வேகத்தில் சுற்றும்.

சக்கரத்தை விட்டு வரும் காற்று நேராக வராது. சுழன்று, சாய்ந்து, ஓரங்களில் முறுக்கிக்கொண்டு வரும். அது எங்கே எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய ஒரு மெல்லிய எஃகுக் குழலை உள்ளே நுழைக்கிறோம். எங்கள் பேச்சில் அதற்கு 'ப்ரோப்'. அதன் தலை ஒரு சின்னக் கூம்பு, கொத்தமல்லி விதை அளவு. அதில் ஐந்து துளைகள்: நடுவில் ஒன்று, சுற்றி நான்கு. காற்று நேராக வந்தால் சுற்றியுள்ள நான்கிலும் அழுத்தம் ஒன்றுபோல இருக்கும். சாய்ந்து வந்தால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். அந்த ஐந்து எண்களை வைத்துக் காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்குப் போட்டு எடுப்பது என் வேலை.

எந்த இரண்டு ப்ரோபும் ஒன்றுபோல இருக்காது. அதனால் ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சிறிய காற்றுக் குழாயின் வாயில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எந்தச் சாய்வுக்கு அது என்ன சொல்கிறது என்று பழகிக்கொள்ள வேண்டும். அதற்கென்று எனக்குத் தனி அறை உண்டு. ப்ரோபை இயந்திரத்தில் பொருத்துவதும் கழற்றுவதும் ஷாஜியின் வேலை. என்னைவிட இரண்டு வயது இளையவர், தோப்பும்படிக்காரர். என்னைச் சேச்சி என்பார், அக்கா என்று பொருள்.

வந்த புதிதில் ஒருநாள் நான் வீட்டில் இருந்தபோது ஷாஜி போன் செய்தார். "சேச்சி, ப்ரோப் அழிச்சு வெச்சிட்டுண்டு." எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு ப்ரோபைச் செய்து, பழக்கி எடுக்க வாரக்கணக்கில் ஆகும். ஆட்டோ பிடித்து ஓடினேன். போய்ப் பார்த்தால் ப்ரோப் பத்திரமாகப் பெட்டிக்குள் இருக்கிறது. மலையாளத்தில் 'அழிச்சு' என்றால் அவிழ்த்து, கழற்றி என்று அர்த்தமாம். கழற்றி வைத்திருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அன்று பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் தேநீர் நேரத்தில் யாராவது, "சேச்சி, சாயா அழிக்கட்டே?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பில்தான் அவர்களோடு சேர்ந்தேன் என்று சொல்லலாம்.

ஷாஜியின் மனைவி பிந்து எனக்குக் கப்பைக்கிழங்கு வேகவைக்கக் கற்றுக்கொடுத்தாள். அவர்கள் மகள் அஞ்சனாவும் கயலும் ஒரே வகுப்பு. சனிக்கிழமை என்றால் இரண்டில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்.

3

ஜூலையில் ஒரு டர்போ வந்தது. துறைமுகக் கால்வாயில் சேறு வாரும் கப்பலுடையது. அது அடிக்கடி 'சர்ஜ்' ஆகிறது என்பது புகார். சர்ஜ் என்றால், முன்னே போக வேண்டிய காற்று போக மறுத்துப் பின்னால் திரும்பிச் சக்கரத்தையே அடிப்பது. இன்ஜின் அறையில் பீரங்கி வெடித்த மாதிரி கேட்கும் என்பார்கள். பழுதுபார்த்து முடித்து, காற்று எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பார்க்கச் சுழலும் சக்கரத்துக்கும் அதைச் சுற்றி நிற்கும் அசையாத தகடுகளுக்கும் நடுவே ப்ரோபை நுழைத்தோம். நான் குறித்துக் கொடுத்த ஆழத்துக்கு ஷாஜி நிறுத்தி, பிடிப்பை முறுக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐந்து துளைக்கும் ஐந்து கோடுகள். பாதி அளவீடு முடிந்திருக்கும். நடுத்துளையின் கோடு சட்டென்று விழுந்தது. பக்கத்துளைகளில் ஒன்று அதோடு சேர்ந்தே விழுந்தது. பிறகு இரண்டும் எழவே இல்லை. தூசி அடைத்தால் ஒரு கோடு மெதுவாகச் சோம்பும். குழாயில் ஈரம் ஏறினால் கோடு நடுங்கும். இது இரண்டும் இல்லை. தலையின் முனை இருந்த இடத்தில் முனை இல்லை.

நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். இயந்திரம் வேகம் தணிந்து நின்றதும் ஷாஜி போய் ப்ரோபைக் கழற்றத் தொடங்கினார். நான் அறையை விட்டு அவரிடம் ஓடினேன்.

"ஷாஜி, ப்ரோப் அழிஞ்ஞு! ஓடும்போ தன்னெ அழிஞ்ஞு!"

அவர் திரும்பினார். கை நழுவி ப்ரோப் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கூம்பின் முனை இல்லை. அரை அரிசி அளவு எஃகு போயிருந்தது.

"தாழெ வீணப்போ பொட்டியதா," என்றார் ஷாஜி. கீழே விழுந்தபோது உடைந்தது. அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. பயத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

இல்லை, ஓடிக்கொண்டிருந்தபோதே போய்விட்டது, திரையில் பார்த்தேன் என்றேன். எல்லாரும் தரையில் விளக்கடித்துத் தேடினோம். வடிகால் கம்பிகளுக்கு இடையில் தேடினோம். அகப்படவில்லை. எங்கள் முதலாளி ஜேக்கப் சார் வந்தார். முன்பு கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவர், நல்ல அறிவாளி. திரையில் பதிவானதை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"இது டியூபில் வெள்ளம் கேறியதா, மீனா." குழாயில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"சார், உள்ளே தகடு இடுக்கில் மாட்டியிருந்தால், அடுத்த சர்ஜில் காற்று பின்னால் அடிக்கும்போது அது சக்கரத்தில் போய் விழும். சக்கரம் சிதறும். பக்கத்தில் ஆள் இருந்தால்..."

"அறியாம்," என்றார். தெரியும். துவாரம் வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். தெரிந்த வரைக்கும் ஒன்றும் இல்லை. தகடுகளின் பின்பக்கம் கேமராவுக்கு எட்டாது. முழுவதும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும். கப்பல் நிற்கிறது, கம்பெனிக்காரர்கள் காலையிலிருந்து போன் செய்துகொண்டே இருந்தார்கள். போன தடவையும் எங்களால்தான் தாமதம்.

சோதனை அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஞான் ஒப்பிடாம்," என்று தாமே கையெழுத்துப் போட்டார்.

4

மறுநாள் டர்போவை எடுத்துப்போகக் கப்பலிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்தார். பெயர் அமலதாஸ். முப்பது வயது இருக்கும். பெட்டியைச் சங்கிலியில் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் யாரிடமோ போனில் தமிழ் பேசியதைக் கேட்டிருக்கிறார்.

"மேடம், நீங்க நம்ம பக்கமா? பேச்சு அப்படித் தெரியுதே."

"விருதுநகர்."

"நான் தூத்துக்குடி. கோவில்பட்டி தாண்டிட்டா ஒரே ஊருதான்."

சிரித்த முகம். இதைப் பூட்டி ஓட்டிப் பார்க்கும்போது யார் பக்கத்தில் நிற்பார்கள் என்று கேட்டேன். "நான்தான் மேடம். வேற யாரு நிப்பா," என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் பட்டாசு ஆலைகள் உண்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பள்ளியில் படித்தபோது என் வகுப்புத் தோழி முத்துலட்சுமியின் அம்மா வேலை பார்த்த கொட்டகை ஒருநாள் வெடித்தது. அந்த அம்மா திரும்பி வரவில்லை. மருந்து தேவைக்கு மேல் குவிந்து கிடந்தது உள்ளே இருந்தவர்கள் பலருக்கும் தெரியும் என்று பிறகு ஊரே பேசியது. தெரிந்தவர்கள் ஏன் சொல்லவில்லை என்று முத்துலட்சுமி என்னிடம் கேட்டாள். பதினான்கு வயதில் எனக்குப் பதில் தெரியவில்லை. ஏன் சொல்லமாட்டார்கள் என்று அன்று ஜேக்கப் சாரின் பட்டறையில் நின்றபோது தெரிந்தது. அவர் ஐந்தடி தூரத்தில் நின்று லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். என் சம்பளம் அவர் தருவது. பத்து வருடமாக ஒரு குறையும் வைக்காத மனிதர்.

நான் அமலதாஸிடம் தமிழில், எங்கள் ஊர் வேகத்தில் சொன்னேன்.

"தம்பி, இதை இன்ஜின்ல பூட்டுறதுக்கு முன்னாடி காத்து வெளிய வர்ற பக்கத்து மூடியைக் கழட்டிருங்க. தகடு இடுக்கு ஒண்ணு விடாம பாருங்க. எங்க ப்ரோப் முனை உடைஞ்சு உள்ள கெடக்கலாம்."

அவர் சிரிப்பு நின்றது. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கே?"

"அதுல என் கையெழுத்து இருக்கான்னு பாருங்க."

பார்த்தார். "சரிக்கா, பாத்துருதேன்," என்றார். மேடம் அக்காவாகிவிட்டது. லாரி போனதும் ஷாஜி என்னிடம் வந்தார்.

"சேச்சி எந்தா அயாளோடு தமிழில் பறஞ்ஞது?" அந்த ஆளிடம் தமிழில் என்ன சொன்னீர்கள் என்று.

"நாட்டுக்காரனா," என்றேன். எங்கள் ஊர்க்காரர். பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. ஷாஜி சங்கிலியை எடுத்து மாட்டப் போனார்.

அன்று மாலை முருகேசனிடம் சொன்னேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ செஞ்சது சரிதான். ஆனா உள்ள ஒண்ணும் இல்லைன்னா?"

"இல்லைன்னா நல்லதுதானே."

"அந்தப் பையனுக்கு நல்லது. நாளைக்கு அவங்க மூஞ்சியில நீ எப்படி முழிப்ப?"

உள்ளே இருந்தால் எப்படி முழிப்பேன் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

5

இரண்டு நாள் கழித்து அமலதாஸ் கூப்பிட்டார். காய்கறிக் கடையில் நின்றிருந்தேன்.

"இருந்துச்சுக்கா. ரெண்டு தகடுக்கு நடுவுல செருகிக்கிட்டு நின்னுச்சு. குறடு போட்டுத்தான் இழுக்க வேண்டியதாச்சு. சீஃப் இன்ஜினியர் பாத்துட்டாரு, மேல சொல்லிட்டாரு. என்னால மறைக்க முடியல."

"மறைக்க வேண்டாம் தம்பி," என்றேன். வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்குப் போனேன். நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி அந்த வாரம் முழுக்கக்கூட நிற்கவில்லை.

கப்பல் கம்பெனி விளக்கம் கேட்டது. இனி எங்களிடம் வேலை தருவதில்லை என்றும் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை நான் போனபோது ஷாஜியின் இடம் காலியாக இருந்தது. சரியாக முறுக்காததால் ப்ரோப் கழன்று சக்கரத்தில் இடித்தது, பொறுப்பான தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்று ஜேக்கப் சார் பதில் அனுப்பியிருக்கிறார். தேநீர் வந்தது. எனக்கு உரியது மட்டும் என் அறை வாசலில் இருந்த முக்காலியில் வைக்கப்பட்டிருந்தது.

அன்று மாலை தோப்பும்படியில் ஷாஜியின் வீட்டுக்குப் போனேன். பிந்து கதவைத் திறந்து, உள்ளே பார்த்து அவரைக் கூப்பிட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அஞ்சனா எழுந்து அவள் பின்னால் போனாள். ஷாஜி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"சேச்சி, ஞான் முறுக்கியதா. சேச்சி கண்டதல்லே?" நான் முறுக்கினேன், நீங்கள் பார்த்தீர்கள்தானே?

"கண்டேன்," என்றேன்.

"பின்னெ எந்தினா எல்லாருடெயும் முன்னில் அழிஞ்ஞு, அழிஞ்ஞு என்னு விளிச்சு பறஞ்ஞது?" பிறகு ஏன் எல்லார் முன்னாலும் அழிஞ்ஞு என்று கத்தினீர்கள்?

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று ப்ரோப் அழிந்துவிட்டது, உடைந்து நாசமாகிவிட்டது என்று நான் கத்தினேன். அவர்கள் காதில் விழுந்தது, ப்ரோப் கழன்றுவிட்டது, ஓடும்போதே கழன்றுவிட்டது என்று. முறுக்கியவர் சரியாக முறுக்கவில்லை என்று அத்தனை பேர் முன்னால் நான் ஷாஜியைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடமாக அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரித்தவர்களோடு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பயம் வந்ததும் என் நாக்கு விருதுநகருக்குப் போய்விட்டது.

தமிழில் அதற்கு வேறு அர்த்தம், நான் சொல்ல வந்தது அது இல்லை என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது இவிடெ பறஞ்ஞிட்டு எந்தா, சேச்சி? ஜேக்கப் சாரோடு பற." இங்கே வந்து சொல்லி என்ன பயன், அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். உள்ளே முனை இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது, நீங்கள் கழன்றது என்று சொன்னதால்தான் கீழே விழுந்து உடைந்தது என்று பிடிவாதம் பிடித்தேன் என்று.

வீட்டுக்கு வந்தால் கயல் பையைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தாள்.

"அஞ்சனா என்கூடப் பேச மாட்டேங்கிறா. அவ அப்பாவை நீதான் வேலையை விட்டு அனுப்பிட்டன்னு ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். நீ அந்தத் தமிழ் ஆளுகிட்ட ரகசியமா சொன்னதும் தெரியும். என்னைப் பார்த்துப் 'பாண்டி'ன்னு சொன்னாங்கம்மா. இத்தன வருஷத்துல யாரும் சொன்னதில்ல." பாண்டி என்பது இங்கே தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல்.

"அந்த ஆளு செத்திருப்பான் கயல்."

"அதுக்கு இல்லம்மா. அவங்ககிட்டயே மலையாளத்துல சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன்."

"உன் மலையாளத்துல," என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவளுக்கே கண் கலங்கிவிட்டது. நான் அடுப்பைப் பற்றவைத்தேன். என்ன சமைக்கப் போகிறேன் என்று தெரியாமல் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு நின்றேன்.

6

மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. நான் கிளம்பும்போது கயல் தானும் வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. தோப்பும்படிப் பாலம் தாண்டும் வரைக்கும் பேருந்தில் எனக்குப் பாடம் நடந்தது.

"என்ன ஆச்சு, சொல்லு."

"ப்ரோப் பொட்டி..."

"பொட்டின்னா எப்ப வேணா உடைஞ்சிருக்கலாம். அதனாலதானே சண்டை. ஒடிஞ்ஞதா. சொல்லு. ஊரியதல்ல, ஒடிஞ்ஞதா."

கழன்றதல்ல, ஒடிந்தது. ஒடிந்தது என்பது நம்முடைய சொல்லும்தான். முருங்கைக் கிளை ஒடிந்தது என்று தினமும் சொல்கிற சொல். அன்று அதைச் சொல்லியிருந்தால் இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தம். பக்கத்து இருக்கைப் பெண்மணி எங்கள் பாடத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "சரியாயி," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கயலை வாசலில் உட்கார வைத்துவிட்டு ஜேக்கப் சாரின் அறைக்குள் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். ஊரியதல்ல, ஒடிஞ்ஞதா. ஷாஜி முறுக்கியது சரியாகத்தான் இருந்தது. மெல்லிய தண்டு அந்த வேகக் காற்றில் கம்பி மாதிரி அதிர்ந்திருக்கிறது, அதிர்ந்து அதிர்ந்து முனை ஒடிந்திருக்கிறது. கழன்றிருந்தால் ஐந்து கோடுகளும் ஒன்றாக அலைந்திருக்கும். இரண்டு மட்டும் விழுந்து மற்றவை நின்றன. ஷாஜி மேல் குற்றம் இல்லை. கம்பெனிக்கு அதை எழுதுங்கள். இல்லையென்றால் நானே எழுதுகிறேன், இந்த முறை தமிழில் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தமிழில் பேசினார். மலையாள ராகம் ஏறிய தமிழ், ஆனால் சுத்தமாகவே இருந்தது.

"கப்பல்ல எத்தன தமிழ் ஆளுங்களோட இருந்திருக்கேன், மீனா. அன்னைக்கு அந்தப் பையன்கிட்ட நீ பேசினது எல்லாம் எனக்கு மனசிலாயி. கேட்டுட்டுத்தான் நின்னேன்."

"அப்போ ஏன் சார் என்னைத் தடுக்கல?"

"தடுத்தா அவன் திறந்து பாக்க மாட்டானே."

"நீங்களே சொல்லியிருக்கலாமே?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நான் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு அதன் சுமையை ஷாஜி தூக்கட்டும் என்றும் விட்டுவிட்டார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. ஒன்றுக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், இன்னொன்றுக்காக அவர் முகத்தில் விழிக்கக் கூடாது. கடைசியில், "எழுதாம்," என்றார். எழுதிவிடுகிறேன் என்று.

எழுதினார். எனக்கு ஒரு பிரதியும் தந்தார். ப்ரோப் ஒடிந்ததாகவும் தொழிலாளி மேல் தவறில்லை என்றும் தெளிவாக இருந்தது. கப்பல் கம்பெனி திரும்பி வரவில்லை. அந்த வேலை போனது போனதுதான். அமலதாஸ் இப்போது வேறு கப்பலில் இருக்கிறார், குடும்பப் படம் ஒன்று அனுப்பியிருந்தார். அஞ்சனா கயலோடு பேசுகிறாள். ஆனால் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவதில்லை. பிந்துவை ஒருமுறை மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் பார்த்தேன். சிரித்தாள், படகு வந்துவிட்டது என்று போய்விட்டாள்.

ஷாஜி ஒரு புதன்கிழமை வேலைக்குத் திரும்பினார். எல்லாரும் அவர் தோளைத் தட்டினார்கள். அன்றே ஒரு பெரிய காற்றூதி இயந்திரம் சோதனை மேடையில் ஏறியது. நான் தண்டு தடித்த புது ப்ரோபைக் காற்றுக் குழாயில் பழக்கி முடித்துப் பெட்டியோடு அவரிடம் கொடுத்தேன். எவ்வளவு ஆழத்துக்கு நிறுத்த வேண்டும் என்று வழக்கம்போல விரலால் ப்ரோபின் மேல் இருந்த கோட்டைக் காட்டினேன். முன்பெல்லாம் அந்த விரல் போதும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

அவர் போகவில்லை.

"எழுதி ஒப்பிட்டு தா, சேச்சி," என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று.

மரியாதைக் குறைவாக இல்லை, கோபமாகவும் இல்லை. ஒரு தாளை எடுத்தேன். ஆழத்தை எண்ணில் எழுதினேன். முறுக்க வேண்டிய பிடிப்பை எழுத வேண்டிய இடத்தில் என் பேனா நின்றது. எந்த மொழியில் எழுதுவது என்று யோசித்து, கடைசியில் அதற்குப் படம் வரைந்து அம்புக்குறி போட்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் அதை நிதானமாகப் படித்தார், இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ப்ரோபை எடுத்துக்கொண்டு இயந்திரத்தை நோக்கி நடந்தார்.